அடுத்த ஒன்றை விற்றால் என்ன ஆகும்?

முதலாண்டில் நுண்ணியல் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்லித்தரும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வகைக்கெழு (ஒன்று மாறும்போது இன்னொன்று மாறும் வேகம்) காணச் சொன்னால் கண்டுவிடுகிறார்கள், மொத்த வருவாய்ச் சமன்பாட்டைக் கொடுத்தால் இறுதிநிலை வருவாய் (இன்னும் ஒன்றை விற்றால் கூடும் வருவாய்) வந்துவிடுகிறது, அதை இறுதிநிலைச் செலவுக்கு (இன்னும் ஒன்றைச் செய்தால் கூடும் செலவு) சமமாக வைத்து விடையும் எடுத்துவிடுகிறார்கள். "சரி, விடை 40 என்று வந்திருக்கிறது, ஏன் 41 இல்லை?" என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது, அது எந்தக் கேள்விக்கான கணக்கு என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பாடத்துக்கு வேண்டிய கணிதம் மிகக் கொஞ்சம். நேர்கோட்டின் சமன்பாடு, சாய்வு, எளிய வகைக்கெழு, முக்கோணத்தின் பரப்பு, போகப்போக லக்ராஞ்சியின் பெருக்கி (கையில் உள்ளதற்குள் சிறந்ததைத் தேடும் கணக்கில் வருவது), அவ்வளவுதான். அதிலும் பெரும்பகுதி ஒரே கேள்விதான் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது: இருப்பதோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு கூடும், எவ்வளவு போகும்?

ஒரே ஒரு தேவைக்கோட்டை, அதாவது எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோட்டை, எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வைத்துப் பார்க்கலாம். தேவைப்படும் அளவு = 100 − 2 × விலை. விலை 50 ஆனால் வாங்க ஆளே இல்லை, இலவசமாகக் கொடுத்தால் 100 போகும். இதையே திருப்பி எழுதினால் விலை = 50 − அளவு ÷ 2. ஒன்றைச் செய்ய ஆகும் செலவு எப்போதும் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் விற்பவர் ஒருவர் மட்டும்தான், அதாவது முற்றுரிமை. அவர் எத்தனை விற்பார்?

வகைக்கெழுவை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். 40 விற்க வேண்டுமானால் விலை 30, வருவாய் 1200. 41 விற்க வேண்டுமானால் விலையை 29.50 ஆக்க வேண்டும், வருவாய் 1209.50. ஆக 41ஆவது பொருளை 29.50க்கு விற்றும் வருவாயில் கூடியது வெறும் 9.50. மீதி 20 எங்கே போயிற்று? அந்த ஒன்றை விற்பதற்காக, முன்பு 30க்கு வாங்கிக்கொண்டிருந்த 40 பேருக்கும் ஆளுக்கு 0.50 விட்டுக்கொடுத்தாயிற்று, 40 × 0.50 = 20. 29.50ல் 20 போக 9.50. செய்ய ஆகும் செலவோ 10. அதனால்தான் 41 வேண்டாம். பின்னோக்கிப் பார்த்தால், 39ல் வருவாய் 1189.50, அதிலிருந்து 40க்குப் போனால் 10.50 கூடுகிறது, செலவு 10, ஆகவே 40ஆவது பொருள் செய்யத் தக்கது. முடிந்தது விஷயம்.

இப்போது வகைக்கெழுவுக்கு வாருங்கள். வருவாய் என்பது விலையும் அளவும் பெருக்கியது. பெருக்கல் விதிப்படி அதன் வகைக்கெழுவில் இரண்டு உறுப்புகள் வரும்: ஒன்று விலை, இன்னொன்று அளவை விலை மாறும் வேகத்தால் பெருக்கியது. முதல் உறுப்பு புதிதாக வாங்குபவர் தருவது, இரண்டாவது பழையவர்களிடம் இழப்பது. மேலே கையால் போட்ட 29.50ம் 20ம் ஏறத்தாழ இவைதான், வேறெதுவும் இல்லை. சுருக்கினால் இறுதிநிலை வருவாய் = 50 − அளவு, அது 10க்குச் சமமாவது 40ல். தேவைக்கோட்டைவிட இறுதிநிலை வருவாய்க் கோட்டின் சாய்வு இரு மடங்கு என்று மனப்பாடம் செய்கிறார்களே, நேர்கோட்டுத் தேவைக்கு அது உண்மைதான், ஆனால் அந்த இரண்டு உறுப்புகளையும் தனித்தனியாகப் பார்த்தவருக்கு மனப்பாடம் தேவைப்படாது.

இதே இரண்டு உறுப்புகளை வைத்து நிறைவுப் போட்டியையும் ஒரே வரியில் முடித்துவிடலாம். சந்தையில் எண்ணற்ற சிறிய விற்பனையாளர்கள் இருந்தால், ஒருவர் ஒன்று கூட விற்பதால் விலை அசையாது. விலை மாறும் வேகம் சுழியம், இரண்டாவது உறுப்பு காணாமல் போகிறது, இறுதிநிலை வருவாயும் விலையும் ஒன்றாகிவிடுகின்றன. அப்போது விலை 10 வரை இறங்கும், விற்பனை 80. முற்றுரிமையாளர் 40ல் நிறுத்திவிட்டதால் 40 பொருள்கள் செய்யப்படாமலே போகின்றன, அவற்றை வாங்கத் தயாராக இருந்தவர்கள் ஒவ்வொருவரும் 10க்கு மேல் தரவும் தயாராகவே இருந்தார்கள். அந்த இழப்பு ஒரு முக்கோணம்: அடி 40, உயரம் 20, பரப்பு 400. தொகையீடு என்று பயமுறுத்துகிற பகுதி இந்தப் பாடத்தில் பெரும்பாலும் இந்த முக்கோணத்தோடு முடிந்துவிடும்.

நெகிழ்ச்சியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. நம் தேவைக்கோட்டில் விலை 1 ஏறினால் அளவு 2 குறையும், எந்த இடத்திலும் அப்படியே. ஆனால் 20 விற்றுக்கொண்டிருக்கும்போது 2 குறைவதும் 80 விற்றுக்கொண்டிருக்கும்போது 2 குறைவதும் ஒன்றா? சாய்வுக்கு அலகு உண்டு. பொருளைக் கிலோவில் அளப்பதை விட்டு டன்னில் அளந்தால் சாய்வின் எண் மாறிவிடும், சந்தையில் ஒன்றுமே மாறியிருக்காது. ஆகவே சதவீதத்தில் கேட்கிறோம்: விலை நூற்றுக்கு ஒன்று ஏறினால் அளவு நூற்றுக்கு எத்தனை குறையும்? இதற்குத்தான் நெகிழ்ச்சி என்று பெயர், சாய்வை விலை ÷ அளவு என்பதால் பெருக்கினால் அது வந்துவிடும். குறியை விட்டுவிட்டுச் சொன்னால், விலை 40ல் நெகிழ்ச்சி 4, விலை 25ல் சரியாக 1, விலை 10ல் 0.25. ஒரே நேர்கோட்டில் எத்தனை வித்தியாசம் பாருங்கள். "இந்தத் தேவைக்கோடு நெகிழ்ச்சியுள்ளது" என்று கோட்டைக் காட்டி மொத்தமாகச் சொல்வது பெரும்பாலும் தவறாக முடிவது இதனால்தான், நெகிழ்ச்சி கோட்டின் மேலுள்ள புள்ளிக்கு உரியது. மொத்த வருவாய் உச்சம் தொடுவதும் நெகிழ்ச்சி 1 ஆகும் அந்த 25ல்தான், வருவாய் 1250. அதற்குக் கீழே விலையை இறக்கினால் அளவு கூடும், வருவாய் குறையும்.

நம் முற்றுரிமையாளரின் விலை 30. அங்கே நெகிழ்ச்சி 1.5. விலையில் செலவுக்கு மேல் அவர் வைத்திருக்கும் பங்கு (30 − 10) ÷ 30, அதாவது மூன்றில் இரண்டு, 1.5ஐத் தலைகீழாக்கினால் அதே மூன்றில் இரண்டு. இது தற்செயல் கிடையாது. முற்றுரிமையின் வலிமையை இப்படி அளக்கலாம் என்று 1934ல் பொருளியலாளர் ஆபா லெர்னர் எழுதினார். வேறு பொருளுக்குப் போக வழியில்லாத வாடிக்கையாளரிடம் எவ்வளவு கூடுதலாக வாங்க முடியும் என்பது முழுவதும் ஒரே பின்னத்தில் அடங்கிவிடுகிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விடை இது.

தேவையைக் கணிதச் சார்பாகவே எழுதலாம் என்று காட்டியவர் பிரான்சின் பொருளியலாளர் கூர்னோ, 1838ல். அவர் படத்தில் விலை கிடைமட்ட அச்சில் இருந்தது. இங்கிலாந்தின் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் விலையைச் செங்குத்து அச்சில் வைத்தார், பாடப்புத்தகங்கள் அவர் வழியைப் பிடித்துக்கொண்டன. அதனால்தான் சமன்பாட்டில் −2 என்று இருக்கும் சாய்வு, படத்தில் −0.5 என்று தெரிகிறது. புதிதாகப் படிப்பவர்கள் நெகிழ்ச்சிக் கணக்கில் எந்தச் சாய்வைப் போடுவது என்று திண்டாடும் இடம் இது, சமன்பாட்டில் இருக்கும் −2ஐப் போடுங்கள். மார்ஷல் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் 1865ல் இரண்டாம் இடம் பெற்றவர், ஆனால் தன் கணிதத்தையெல்லாம் அடிக்குறிப்புக்கும் பின்னிணைப்புக்கும் தள்ளிவிட்டார். கணிதத்தைச் சுருக்கெழுத்துப் போலப் பயன்படுத்து, பிறகு சொற்களில் எழுது, எடுத்துக்காட்டு கொடு, கணிதத்தை எரித்துவிடு என்று ஒரு கடிதத்தில் அறிவுரையும் சொன்னார். சொற்களில் எழுதுவதுவரை அவரோடு முழு உடன்பாடு. எரிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி, கணக்கு பக்கத்திலேயே இருந்தால்தான் சொன்னது சரியா என்று அடுத்தவர் பார்க்க முடியும்.

அப்புறம், "மற்றவை மாறாதிருப்பின்" என்ற தொடர். இதைச் சடங்கு மாதிரி எழுதிவிட்டுப் போகிறார்கள். இது அப்படியே பகுதி வகைக்கெழு. அளவு = 60 − 2 × விலை + வருமானம் ÷ 10 என்று எழுதிப் பாருங்கள். வருமானம் 400 என்றால் நம் பழைய கோடு வந்துவிடும். வருமானத்தை அசையாமல் வைத்து விலையை மட்டும் மாற்றினால் அதே கோட்டின்மேல் ஏறி இறங்குகிறோம், விலையை விட்டுவிட்டு வருமானத்தை 500 ஆக்கினால் கோடே இடம் மாறி 110 − 2 × விலை ஆகிறது. தேவை கூடியது, தேவைப்படும் அளவு கூடியது என்று இரண்டையும் ஏன் பிரித்துச் சொல்கிறோம் என்ற குழப்பம் இந்த ஒரு சமன்பாட்டில் தீர்ந்துவிடும்.

சராசரியையும் இறுதிநிலையையும் குழப்பிக்கொள்வது இன்னொரு பெரிய சிக்கல். ஓர் அறையில் இருப்பவர்களின் சராசரி உயரத்தைவிட உயரமான ஒருவர் உள்ளே வந்தால் சராசரி ஏறும், குட்டையானவர் வந்தால் இறங்கும். இறுதிநிலைச் செலவு சராசரிச் செலவை அதன் அடிமட்டப் புள்ளியில் வெட்டிச் செல்வதற்குக் காரணம் இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் இதே விஷயத்தில் பெரிய அறிஞர் ஒருவரே சறுக்கிய கதை உண்டு. 1931ல் ஜேக்கப் வைனர் செலவு வளைகோடுகள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். நீண்டகாலச் சராசரிச் செலவு வளைகோடு (ஆலையின் அளவையும் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்போது வருவது), குறுகியகால வளைகோடுகள் (ஆலையின் அளவு மாறாதபோது வருபவை) ஒவ்வொன்றின் அடிமட்டப் புள்ளி வழியாகவும் போக வேண்டும், ஆனால் எந்த இடத்திலும் அவற்றுக்கு மேலே எழக்கூடாது என்று படம் வரைபவரிடம் கேட்டார். படம் வரைந்த வோங் கணிதம் அறிந்தவர், அப்படி வரைய முடியாது என்றார். சாய்வை நினைத்தால் காரணம் தெரிந்துவிடும்: நீண்டகால வளைகோடு இறங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அது குறுகியகால வளைகோட்டைத் தொட்டால் இரண்டின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது அங்கே குறுகியகாலக் கோடும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அடிமட்டத்தில் சாய்வு சுழியமாயிற்றே! நீண்டகாலக் கோட்டின் சொந்த அடிமட்டத்தில் மட்டும்தான் இரண்டும் பொருந்தும். பிற்காலத்தில் கட்டுரை மறுபதிப்பானபோது வைனர் அந்தப் பிழையைத் திருத்தவில்லை, ஆசிரியர்களும் மாணவர்களும் அதைச் சுட்டிக்காட்டும் மகிழ்ச்சியைத் தொடர்ந்து பெறட்டும் என்று எழுதி அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

லக்ராஞ்சியின் பெருக்கியையும் பார்த்துவிடலாம், பலர் பாடத்தை விட்டு ஓடுவது இங்கேதான். இரண்டு பொருள்கள், விலை 2ம் 5ம், கையில் 100. பயன்பாடு, அதாவது வாங்குபவருக்குக் கிடைக்கும் நிறைவு, இரண்டின் அளவுகளையும் பெருக்கியது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் முதல் பொருளில் 25, இரண்டாவதில் 10, பயன்பாடு 250, பெருக்கி 5. அந்த 5 என்ன? முதல் பொருளில் செலவழித்த கடைசிப் பணம் தந்தது 5, இரண்டாவதில் செலவழித்ததும் 5. ஒன்றில் கூடுதலாக இருந்தால் பணத்தை அங்கே நகர்த்தியிருப்போம், நகர்த்தி ஆதாயம் இல்லை என்ற நிலையில்தான் நிற்கிறோம். கையில் 101 இருந்தால் பயன்பாடு 255.025, ஏறத்தாழ 5 கூடுகிறது. ஆக இதுவும் "இன்னும் ஒன்று" கேள்விதான், இந்த முறை கேட்பது பணத்தைப் பற்றி. இந்த 5ஐப் பிடித்துக்கொண்டு இவருக்கு இவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது, பயன்பாட்டுச் சார்பை இரண்டால் பெருக்கினால் 5 பத்தாகிவிடும், வாங்கும் அளவு 25ம் 10ம் அப்படியே இருக்கும். கடைசிப் பணத்தின் பயன் எல்லாப் பக்கமும் சமமாக வேண்டும் என்பதை 1854லேயே ஜெர்மனியின் கோசன் எழுதிவிட்டார். நூலை யாரும் கவனிக்கவில்லை, அவர் 1858ல் இறந்துபோனார், இறுதிநிலைப் பயன்பாட்டை வைத்து 1871ல் எழுதிய ஜெவன்ஸ் பிற்பாடுதான் அந்த நூலைப் பற்றி அறிந்து அவருக்குரிய இடத்தைக் கொடுத்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கேள்வி எங்கே போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் முற்றுரிமையாளருக்கு மாறாச் செலவு, அதாவது எத்தனை செய்தாலும் மாறாத வாடகை போன்ற செலவு, 300 இருக்கிறது என்போம். மாறிலியின் வகைக்கெழு சுழியம், ஆகவே விடை மாறாது: அளவு 40, விலை 30, லாபம் மட்டும் 800லிருந்து 500 ஆகும். வாடகை ஏறிவிட்டது, அதனால் விலையை ஏற்றினோம் என்பது இந்தக் கணக்கில் நிற்காது, 30க்கு மேலே போனால் லாபம் இன்னும்தான் குறையும். இப்போது மாறாச் செலவை 900 ஆக்குங்கள். வகைக்கெழு இப்போதும் 40 என்றே சொல்லும், ஆனால் விளைவு 100 நட்டம். எத்தனை செய்வது என்பதற்குத்தான் வகைக்கெழு பதில் சொல்கிறது. செய்வதா வேண்டாமா என்பதற்கு மொத்தத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் அந்த 900 எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு. இன்னும் செலவழிக்கவில்லை என்றால் தொழிலில் இறங்காமல் இருப்பதே மேல், சுழியம் 100 நட்டத்தைவிட நல்லது. ஏற்கெனவே செலவழித்தாயிற்று, திரும்ப வராது என்றால் நிறுத்துவதால் வரும் நட்டம் 900, தொடர்ந்து 40 விற்றால் 100. அப்போது தொடர்வதே சரி, அடுத்த முறை அந்த 900ஐச் செலவழிக்க வேண்டிய நாள் வரும்வரை.