கிப்லாவும் சாலையும்: சிங்கப்பூரில் ஓவியர் குழுவுக்கு ஒரு நாள்

கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் ஓவியர்களும் அரபு எழுத்தணிக் கலைஞர்களும் சேர்ந்து வெளிநாடு போவதாக இருந்தால், முதல் பயணத்துக்குச் சிங்கப்பூர்தான் எங்கள் தேர்வு. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல்கள் அங்கே இன்றும் தொழுகையோடு இருக்கின்றன. கேட்டால் தமிழில் விளக்கம் சொல்லவும் பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.

குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். கடைவீட்டு நடைபாதைகள் குறுகலானவை. பத்துப் பேர் உட்கார்ந்தால் வழி அடைபட்டுவிடும். வெள்ளிக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள், ஜும்ஆ கூட்டுத் தொழுகை நேரத்தில் படம் வரைய இடமும் இருக்காது, அது முறையும் இல்லை.

காலை 8 மணிக்கு டவுன்டவுன் ரயில் தடத்தில் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குங்கள். தெலுக் ஆயர் சாலை ஒரு காலத்தில் கடற்கரை. கடல் தூர்க்கப்பட்டு இப்போது தள்ளிப் போய்விட்டது, ஆனால் கட்டடங்கள் இன்னும் பழைய கடலைப் பார்த்தே நிற்கின்றன. அதனால் காலை வெயில் முகப்பில் நேராக விழும். 1828-30இல் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கட்டப்பட்ட நாகூர் தர்கா இங்கேதான் இருக்கிறது. கீழே ஐரோப்பிய வளைவுகள், மேலே நம்மூர் மனாராக்கள், அதாவது பள்ளிவாசல் கோபுரங்கள். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, 1827இல் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளி. தமிழர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும்.

பத்து நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ சூலியா பள்ளி. 1826இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1830களின் முற்பாதியைச் சேர்ந்தது. இந்த நாளின் சாரமே இங்கேதான் என்பது எங்கள் கருத்து. வாசலும் இரண்டு மனாராக்களும் சாலைக்கு இணையாக நிற்கின்றன, உள்ளே தொழுகைக் கூடமோ கிப்லாவுக்கு, அதாவது மக்காவை நோக்கிய தொழுகைத் திசைக்குத் திரும்பியிருக்கிறது. திசைமானியை எடுத்துப் பாருங்கள்: சிங்கப்பூரில் கிப்லா ஏறக்குறைய 293 பாகை, அதாவது மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே. புதுச்சேரியில் சுமார் 289. முகப்பை மட்டும் வரைந்துவிட்டுக் கிளம்பினால் இந்தத் திருப்பம் படத்தில் வராது. முதலில் ஒரு தளப்படம் போடுங்கள், சாலைக்கு ஒரு கோடு, கூடத்துக்கு இன்னொரு கோடு. முகப்பு அதற்குப் பிறகு.

மனாரா எண்கோணம், ஏழு அடுக்கு. பலரும் சறுக்குவது இதில்தான். கண்மட்டத்துக்கு மேலே போகப் போக ஒவ்வொரு அடுக்கின் பட்டையும் நடுவில் உயர்ந்து ஓரங்களில் இறங்கும். எல்லாவற்றையும் நேர்கோடாகப் போட்டால் மனாரா அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையாகிவிடும். நடு அச்சைப் போட்டு, அடுக்குகளைக் குறித்து, வளைவைக் கடைசியில் கொண்டுவாருங்கள். புறப்படுவதற்கு முன் நாகூரில் 131 அடி பெரிய மனாராவைக் கீழேயிருந்து ஒரு முறை வரைந்து பழகினால் கை தயங்காது.

பக்கத்துச் சைனாடவுன் நிலையத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஜாலான் புசார். அங்கிருந்து டன்லப் சாலை அப்துல் கபூர் பள்ளிக்கு நடந்துவிடலாம். லுஹர் (நண்பகல் தொழுகை) ஆண்டு முழுவதும் 1 மணியை ஒட்டியே வரும். உள்ளூர் இமாமின் பின்னால் தொழும் பயணி நான்கு ரக்அத்தையும் (தொழுகைச் சுற்று) முழுமையாகத் தொழ வேண்டும், கஸ்ர் (பயணிக்கான சுருக்கத் தொழுகை) கிடையாது. அங்கே அஸர் (பிற்பகல் தொழுகை) ஷாஃபி சட்டப்பள்ளி முறைப்படி பருவத்தைப் பொறுத்து ஏறக்குறைய 4 மணிக்கும் 4.40க்கும் இடையில், குழுவில் ஹனஃபி சட்டப்பள்ளியினர் இருந்தால் அவர்களுடைய அஸருக்கு இன்னும் ஒரு மணி நேரம் போல ஆகும். இதைக் காலையிலேயே பேசி வைத்துக்கொண்டால் மாலையில் யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம்.

எழுத்தணிக்காரர்கள் வெகுநேரம் நிற்கப்போவது இந்த அப்துல் கபூர் பள்ளியில்தான். வாசலின் மேல் சூரிய வடிவம், அதில் 25 கதிர்கள், கதிருக்கு ஒன்றாக 25 நபிமார்களின் பெயர்கள். 360ஐ 25ஆல் வகுத்தால் 14.4 பாகை. காம்பஸால் பாதி பாதியாகப் பிரித்துப் போகிற பழக்கத்தில் 24 கதிர் போட்டுவிட்டால் ஒரு நபியின் பெயருக்கு இடமில்லாமல் போகும். பாகைமானி கட்டாயம். எழுத்தை உருவமாகப் பார்த்து நகலெடுக்காமல் பெயரைப் படித்துவிட்டு எழுதுங்கள், ஒரு புள்ளி இடம் மாறினாலும் பெயர் கெட்டுவிடும். அந்தத் தாளைத் தரையில் வைக்கக் கூடாது, கழிப்பறைக்கும் கொண்டுபோகக் கூடாது. ஒருவர் போகும்போது மற்றவர் கையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சாயம் பற்றி: நீர்வண்ணமும் மையும் விரலில் கறையாகத்தான் படியும், ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் உடல் கழுவும் தூய்மை) தடையில்லை. அக்ரிலிக்கும், தாளின் வெண்மையைக் காக்கப் பூசும் ரப்பர் பசையும் தோல் போல ஒட்டும். உரித்து எடுத்த பிறகுதான் ஒளு கூடும். அக்ரிலிக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே காற்றில் ஈரம் அதிகம், ஒரு பூச்சு காய நம் சித்திரை வெயிலில் ஆவதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். காயும் முன் அடுத்ததைப் போட்டால் சேறாகும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் எடுங்கள், மெல்லிய தாள் சுருண்டுவிடும். தொழுகைக் கூடத்துக்குள் பென்சில் மட்டும், கம்பளத்தின் மேல் தண்ணீர்க் கிண்ணம் வேண்டவே வேண்டாம். தூரிகையை ஒளு செய்யும் இடத்தில் கழுவாதீர்கள். தொழுகிறவர்களை வரைவதும் படமெடுப்பதும் கூடாது. மை பாட்டில் கைப்பையில் என்றால் 100 மில்லிக்குள், கத்தி பெரிய பெட்டியில்.

பிற்பகல் மழை வரலாம், வெயிலும் உச்சியில். சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டு, 4 மணிக்குள் சுல்தான் பள்ளிக்கு நடந்துவிடுங்கள். 1932இல் முடிந்த கட்டடம். கட்டடக்கலைஞர் டெனிஸ் சான்ட்ரி. குவிமாடத்தின் அடியில் கருப்பாகத் தெரியும் பட்டையை உற்றுப் பாருங்கள், அத்தனையும் கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம். செல்வர்கள் மட்டுமல்லாமல் ஏழைகளுக்கும் கட்டுமானத்தில் பங்கு இருக்க வேண்டும் என்று அவர்களிடமிருந்து பெறப்பட்டவை. எல்லோரும் பஸ்ஸோரா தெருவிலிருந்துதான் வரைவார்கள்; மாலையில் அங்கே வெளிச்சம் பள்ளிக்குப் பின்னால் போய்விடும், பொன் நிறம் மங்கும். நார்த் பிரிட்ஜ் சாலைப் பக்கம் போங்கள். சூலியா பள்ளி உள்ளே திரும்பியது என்றால் இங்கே சாலையே பள்ளிக்காக வளைந்து போகிறது. காலையில் போட்ட தளப்படத்தின் பக்கத்திலேயே இதையும் போடுங்கள். முர்தபா (இறைச்சி அடைத்த ரொட்டி) கடைகளும் அங்கேயே.

நேரம் மிஞ்சினால், பத்து நிமிடத் தொலைவில் பீச் சாலையில் 1846இல் கட்டிய ஹஜ்ஜா ஃபாத்திமா பள்ளி. மணற்பாங்கான நிலத்தில் அதன் மனாரா சுமார் 6 பாகை சாய்ந்திருக்கிறது. கை தானாக அதை நிமிர்த்தப் பார்க்கும். பக்கத்துக் கட்டடத்தின் செங்குத்துக் கோட்டை முதலில் போட்டு, அதிலிருந்து சாய்வை அளந்துகொள்ளுங்கள். மஃரிப் (அந்திநேரத் தொழுகை) 7 மணியை ஒட்டி வரும். அதற்கு அரை மணி நேரம் முன்பே வண்ணத்தை நிறுத்திவிட்டால் தாள்கள் ஒட்டாமல் பைக்குள் போகும்.