நாலு பேரு, பதினெட்டு குழி, ஒரு காட்டுமாடு

போன ஞாயித்துக்கிழமை கொடைக்கானல்ல நாங்க நாலு பேரும் சேந்து கோல்ஃப் ஆடுனோம். மதுரைக்கு திரும்பி வந்து ரெண்டு நாளாச்சு, இன்னும் மனசு கீழ எறங்கல, அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன்.

அந்த மைதானத்துல எங்களுக்கு தெரியாத புதர் கிடையாது, ஓடை கிடையாது. ஆனா 56 வயசு வரைக்கும் அங்க நின்னு ஒரு பந்த முறையா அடிச்சதில்ல.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895ல ஆரம்பிச்சது, தூண் பாறை போற ரோட்டுப் பக்கம், பதினெட்டு குழி. எண்பதுகள்ல லீவு விட்டா போதும், நாயுடுபுரத்துலேந்து ஏரியச் சுத்தி நடந்தே போயிருவோம், எதுக்குன்னா பந்து பொறுக்க. ஆடறவங்க அடிச்சு தொலச்ச பந்தத் தேடி எடுத்துக் குடுத்தா காசு. ஓடையோரம் சொதசொதன்னு இருக்கும், செருப்பக் கழட்டிட்டு கால விட்டுத் தடவணும், கல்லா இருந்தா கட்டைவிரல்ல முட்டும், பந்தா இருந்தா உருளும், அது மேல இருக்கற சின்னச் சின்னக் குழியெல்லாம் உள்ளங்கால்ல நல்லா தெரியும். ஜனவரில தண்ணி அப்படி ஜில்லுனு இருக்கும், பத்து நிமிஷத்துல கால் மரத்துப் போயிரும், அப்புறம் கல்லு எது பந்து எதுன்னே தெரியாது, அடுத்தவன எறக்கி விடுவோம்.

வெட்டுப்பட்ட பந்துக்கு காசு கிடைக்காது, அது எங்களுக்கு. அப்பல்லாம் பந்துக்குள்ள ரப்பர் நூல இறுக்கி சுத்தியிருப்பாங்க. மேல் தோல பிளேடால கீறி உரிச்சிட்டு நூல்ல லேசா ஒரு கீறல் போட்டா போதும், பட்டு பட்டுனு அறுந்து பந்து கைக்குள்ளயே உயிரோட இருக்கற மாதிரி துள்ளும். ஒரு பந்துக்குள்ள எவ்வளவு நூலுங்கறீங்க, பிரிச்சு இழுத்துட்டு தெருமுனை வரைக்கும் போவோம். இப்ப வர்ற பந்துல உள்ள நூலே கிடையாது, கெட்டியா வார்த்துடறாங்க.

நாலு பேருல ஒருத்தன் வாத்தி, திண்டுக்கல் பக்கம் கணக்கு சொல்லித்தர்றான். இன்னொருத்தன் பூண்டு, பூம்பாறைல அவங்க மாமனார் வீட்டு நிலத்துல மலைப்பூண்டு போடறான், 2019ல நம்ம மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டு என்னமோ அவனுக்கே பட்டம் குடுத்த மாதிரி சொன்னான், எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நாலாவது ஆளு கேடி. ரவுடின்னு நெனச்சிராதீங்க, கோல்ஃப்ல பை தூக்கிட்டு கூட வர்றவங்களுக்குத்தான் அந்தப் பேரு. நாங்க மூணு பேரும் படிப்பு வேலைன்னு ஊர விட்டுப் போயிட்டோம், அவன் மட்டும் அங்கயே முப்பது வருஷம் பை தூக்குனான், முட்டி தேஞ்சு போனதும் விட்டுட்டு டீக்கடை வச்சிருக்கான். எந்த எடத்துல எந்த மட்டைய எடுக்கணும், காத்து எங்கிட்டிருந்து வருது, புல்லு எந்தப் பக்கம் சாயுது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஓய்வு நேரத்துல ஒண்ணு ரெண்டு அடி அடிச்சுப் பாத்திருக்கான், ஆனா தன் பேர ஸ்கோர் கார்டுல எழுதி பதினெட்டு குழியும் ஆடுனதில்ல.

வாத்திகிட்ட படிச்ச பையன் ஒருத்தர் இப்ப அங்க மெம்பர், "சார் நீங்க உங்க ஃபிரெண்ட்ஸோட என் கெஸ்டா வாங்க"ன்னு கூப்ட்டு மட்டையெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டாரு. ஸ்க்ராம்பிள்னு ஒரு முறை இருக்கு, அதத்தான் ஆடச் சொன்னாரு. நாலு பேரும் அடிக்கணும், எந்தப் பந்து நல்ல எடத்துல கிடக்கோ அங்கேந்து திரும்பவும் நாலு பேரும் அடிக்கணும், கடைசில நாலு பேருக்கும் சேத்து ஒரே ஸ்கோர். எங்களுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருந்துச்சு, யாரு ஜெயிச்சா யாரு தோத்தாங்கற பேச்சே இல்ல.

மொத அடி கேடியத்தான் அடிக்கச் சொன்னோம். மாட்டேன்னான், அப்புறம் வந்து நின்னான், துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டான், ஒரே வீச்சு. சத்தத்த வச்சே தெரிஞ்சுது சுத்தமான அடின்னு. 7,000 அடி உயரத்துல காத்து லேசா இருக்கும், பந்து சமவெளிய விட கொஞ்சம் கூடத்தான் போகும், இது போய்க்கிட்டே இருந்துச்சு. நாங்க கத்தறோம், கேடி மட்டும் திருதிருன்னு முழிக்கறான். "டேய் எங்கடா போச்சு?"ன்னு எங்களக் கேக்கறான். முப்பது வருஷமா அடுத்தவங்க பந்து எங்க விழுதுன்னு தள்ளி நின்னு பாத்த கண்ணு, அடிக்கற எடத்துல தல குனிஞ்சு நின்னதும் அவனோட பந்து அவனுக்கே தெரியல.

எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. பூண்டு தான் "நீ வா மாப்ள, நாங்க பாத்துட்டோம்"னு தோள்ல கை போட்டு கூட்டிட்டுப் போனான். அன்னிக்கு பூரா அவன் பந்துக்கு நாங்க மூணு பேரும் தான் கண்ணு.

பாதி தாண்டுனதும் ஒரு காட்டுமாடு. கொடைக்கானல்காரங்களுக்கு இது புதுசில்ல, பஸ் ஸ்டாண்டு பக்கமே வரும், ஆனா பச்சப் புல்லு நடுவுல வெள்ள சாக்ஸ் போட்ட மாதிரி கால வச்சுக்கிட்டு அது நிக்கற அழகே தனி. வாத்தி அடிச்ச பந்து அதுக்கு இருபது அடி தள்ளிக் கிடக்கு. தள்ளி நின்னோம், யாரும் சத்தம் போடல, அது தலையத் தூக்கி ஒரு தடவ பாத்துட்டு மேய்ஞ்சு முடிச்சு தன் பாட்டுக்கு மரத்துப் பக்கம் போச்சு, நல்லா இருபது நிமிஷம். போய்ப் பாத்தா பந்துக்குப் பக்கத்துலயே சாணி கிடக்கு. வாத்தி மொகம் போன போக்கப் பாக்கணும். கேடி உடனே சட்டம் பேசறான், "சாணி தானா கிடக்கற பொருளு, பந்து அசையாம எடுத்துப் போட்டா அபராதம் கெடையாது." மெம்பர் தம்பியும் ஆமான்னாரு. ஒரு குச்சிய வச்சு வாத்தி அத ஒதுக்குன பக்குவத்த பரீட்சப் பேப்பர் திருத்தும்போது கூட நான் பாத்ததில்ல.

பதினாலாவது குழிகிட்ட மிஸ்ட் எறங்கிருச்சு, பக்கத்துல நிக்கறவன் சட்ட கலரு கூட தெரியல. பைன் மரத்தடில உக்காந்து பூண்டு கொண்டு வந்த பட்டர் ஃப்ரூட்ட கீறி சக்கர தொட்டு தின்னோம். பேசுனது எதுவும் பெருசா இல்ல, சுகர் மாத்தர, பிள்ளைங்க கல்யாணம், யாரு வீட்ட இடிச்சு லாட்ஜ் கட்டிட்டாங்கங்கற கதை. அப்படியே எந்திரிக்காம இருந்திருந்தா கூட நல்லாத்தான் இருந்திருக்கும்.

கடைசி குழில என் பந்துக்கும் குழிக்கும் ஏழெட்டு அடி. குழியோட அகலமே 108 மில்லிமீட்டர் தான். கேடி முட்டி வலியோட மெல்லக் குந்தி, உள்ளங்கைய புல்லு மேல வச்சுப் பாத்துட்டு, "குழியப் பாக்காத, இந்தா இங்க அடி"ன்னு குழிக்கு ஒரு சாண் இடப்பக்கம் விரல வச்சான். அங்கயே அடிச்சேன். வளைஞ்சு வந்து டொக்குனு விழுந்துச்சு. நாலு பேரும் கட்டிப்புடிச்சுக்கிட்டோம்.

வெளிய வந்து ரோட்டோர மதகுல உக்காந்து பையக் கொட்டுனோம். தொலச்சது அஞ்சு பந்து. போற வழில காலு தன்னால புதருக்குள்ள போய் எடுத்தது பதினொண்ணு. அந்தக் காலத்துல பிரிச்ச மாதிரியே ஆளுக்கு ரெண்டு வச்சோம், மிச்சம் மூணு. அந்த மூணு யாருக்குன்னு சண்ட இன்னும் வாட்ஸ்அப்புல ஓடிட்டிருக்கு.