ரிங்கா, வால்வா? இன்ஜினைப் பிரிக்காமல் கண்டுபிடித்த கதை

எங்கள் அப்பச்சி வாங்கிய மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. பின்னாளில் பெட்ரோலுக்குப் பதில் கேஸில் ஓட்ட கேஸ் கிட் ஏறியது. கொஞ்ச காலமாக ஐடிலில் உதறல், ஏற்றத்தில் பிக்கப் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை. ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது.

காரைக்குடியில் காட்டிய மெக்கானிக் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்ததோடு சரி. "ரிங் போச்சு தம்பி. இன்ஜினை இறக்கி போர் பண்ணிடுவோம்" என்றார். ரிங் என்பது பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் அடைத்து நிற்கும் வளையம்; போர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நம்ம பக்கத்துச் செம்மண் புழுதி ஏர் ஃபில்டர் கிழிசல் வழியாக உள்ளே போனால், சிலிண்டர் சுவரை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். ஆனால் இன்ஜினை இறக்குவது என்ன சின்னச் செலவா? "அளந்து பார்த்துட்டுச் சொல்றேண்ணே" என்று வந்துவிட்டேன்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது பிளக் துளையில் மீட்டரை மாட்டி ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்ப்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரியில் முழுச் சார்ஜ் வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட் அலுமினியம், அதனால் சூட்டில் பிளக்கை அவசரமாகத் திருகினால் மரை போய்விடும். முதல் சிலிண்டர் 165 பிஎஸ்ஐ, இரண்டாவது 160, மூன்றாவது 110. சிலிண்டருக்குச் சிலிண்டர் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். இது அதையெல்லாம் தாண்டிப் போயிருந்தது.

அடுத்து, மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும், முள் நன்றாக ஏறும். எனக்கு 115-க்கு மேல் நகரவில்லை, ஆக ரிங் மேல் சந்தேகம் குறைந்தது. ஆயிலை அதிகமாக ஊற்றினால் மேலே உள்ள இடமே குறைந்து, பிரஷர் பொய்யாக ஏறும். அளவு முக்கியம்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் காற்று எந்த வழியாகப் போகிறது என்று காதால் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. சிலிண்டருக்குள் காற்றை விட்டுக் கசிவை அளக்கும் லீக் டவுன் டெஸ்டருக்கு ஆர்டர் போட்டேன். இரண்டு மீட்டர், நடுவில் சின்னத் துளை, அவ்வளவுதான் அந்தக் கருவி. கம்ப்ரஸருக்கு எங்கே போவது? பஞ்சர் கடைக்குத்தான். வண்டியை அங்கே ஓட்டிப் போனதில் இன்ஜினும் சூடாகிவிட்டது.

எந்தச் சிலிண்டரைப் பார்க்கிறோமோ அதன் பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க வேண்டும், அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டர் எந்த பிளக் வயருக்கு நேராக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டேன். பிளக் துளைக்குள் நீள ஸ்ட்ராவை விட்டால், பிஸ்டன் ஏறி நிற்பது கையில் தெரியும். டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்தாயிற்று. இன்ஜினைச் சுற்றப் போட்ட ஸ்பேனரைப் புல்லி போல்ட்டிலேயே மறந்து வைத்துவிடாதீர்கள். உச்சியில் இருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று பிஸ்டனைத் தள்ளிவிடும், ஸ்பேனர் சுழன்று வந்து கையை உடைக்கும்.

100 பிஎஸ்ஐ காற்று விட்டேன். முதல் சிலிண்டரில் இரண்டாவது மீட்டர் 92 காட்டியது, அதாவது எட்டு சதவீதக் கசிவு. நடுச் சிலிண்டரில் பத்து. ரிங்கின் வாய்வழியே கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும், இருபதுக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். மூன்றாவதில் 55. நாற்பத்தைந்து சதவீதம் போய்க்கொண்டிருந்தது!

ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தேன், லேசான இரைச்சல்தான். ரிங் போயிருந்தால் இங்கேதான் சீறும். கார்புரேட்டரில் சத்தம் இல்லை, அதனால் இன்டேக் வால்வு தப்பித்தது. ரேடியேட்டரில் குமிழி இல்லை, பக்கத்து பிளக் துளையிலும் காற்று வரவில்லை. ஹெட்டுக்கு அடியில் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட்டும் நல்லதுதான். பஞ்சர் கடைத் தம்பி பின்னால் இருந்து, "அண்ணே, சைலன்சர்ல உஸ்ஸுங்குது" என்றான். அப்படியானால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுதான் கசிகிறது.

டேப்பட் கிளியரன்ஸைப் பார்த்தால், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளியைப் பார்த்தால், அந்த வால்வுக்கு இடைவெளியே இல்லை. கேஸில் ஓடும் வண்டிகளில் எக்ஸாஸ்ட் வால்வு வந்து உட்காரும் சீட் தேய்ந்து வால்வு உள்வாங்கும், இடைவெளி சுருங்கும், வால்வு முழுதாக மூடாமல் ஓரம் கருகும். கிளியரன்ஸைச் சரிசெய்து மறுபடி காற்று விட்டேன். கசிவு நாற்பதுக்குத்தான் இறங்கியது. அப்படியானால் வால்வு ஏற்கெனவே எரிந்துவிட்டது.

மீட்டர் எண்களை எழுதிக்கொண்டு போய் அதே மெக்கானிக்கிடம் காட்டினேன். "சரி, ஹெட்டை மட்டும் தூக்கிப் பார்ப்போம்" என்றார். வால்வின் ஓரம் ஒரு பக்கம் கருகி அரித்துப்போயிருந்தது. சிலிண்டர் சுவரில் கம்பெனி போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன, அதாவது சுவர் பெரிதாகத் தேயவில்லை. லேத்தில் சீட் வெட்டி, புது எக்ஸாஸ்ட் வால்வு, வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ஆறு வால்வு சீல், கேஸ்கெட். டைமிங் பெல்ட்டையும் கையோடு மாற்றிவிட்டோம். காலை நேர நீலப் புகைக்குக் காரணம், கல்லாய் இறுகிப்போன அந்த சீல்கள்தான். இரவெல்லாம் ஆயில் சொட்டி உள்ளே இறங்கியிருக்கிறது.

கொஞ்சம் ஓட்டிவிட்டு அளந்ததில் மூன்றாவது சிலிண்டர் 160-ஐத் தொட்டது. கேஸில் ஓட்டுவதை விடவில்லை. டேப்பட்டை மட்டும் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.