யார் கூட்டினாலும் அதே எண்

இருபது ஆண்டுகளாக முதுகலை மாணவிகளுக்கு உளவியல் அளவீட்டுப் பாடம் நடத்தியவள் நான். திரும்பத் திரும்ப வைத்தாலும் ஒரே முடிவைத் தரும் சோதனைக்கு நம்பகத்தன்மை உண்டு. எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே அளந்தால்தான் ஏற்புடைமை உண்டு. கரும்பலகையில் எழுதிப்போட்ட இந்தப் பாடம், கல்லூரி முதல்வர் பதவிக்கு விண்ணப்பித்தபோது என் தலையிலேயே விடிந்தது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி முனைவர் பட்டம், 15 ஆண்டுப் பணி, குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். பட்டமும் பணியும் சிக்கலில்லை. பழைய கல்லூரியொன்றுக்கு அனுபவச் சான்றிதழுக்காக மூன்று முறை நடந்ததோடு சரி. மதிப்பெண் கணக்குதான் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் துறையில் தனியாக எழுதிய கட்டுரைக்கு 10. இருவர் எழுதினால் ஆளுக்கு 7. அதற்கும் மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 7, மற்றவர்களுக்குத் தலா 3.

விசைத்தறியில் வேலை செய்யும் பெண்களின் மன அழுத்தம் பற்றி இரண்டு கோடை விடுமுறைகள் வீடு வீடாக ஏறி இறங்கித் தகவல் திரட்டியிருந்தேன். தறிச் சத்தத்தில் கேள்வியைக் கத்திக் கேட்டு, பதிலை உதட்டசைவில் படித்த நாள்கள் அவை. கட்டுரையில் என் பெயர் மூன்றாவது, ஆகவே 3. மழைக்குக் கல்லூரியை மூடிய ஒரு வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதியதற்கு 10. நம்பகத்தன்மையில் குறையே இல்லை. யார் கூட்டினாலும் அதே எண்தான் வரும்.

நேர்முகத் தேர்வில் ஆட்சிக் குழுத் தலைவர், துணைவேந்தரின் பிரதிநிதிகள், வல்லுநர்கள் என்று நீள மேசை நிறைந்திருந்தது. “உளவியல்காரர் ஆயிற்றே, எங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது, சொல்லுங்கள்” என்றார் தலைவர். மணி ஒன்றரை. “பசி, ஐயா” என்றேன். அவர் சிரித்தார், அதன் பிறகே மற்றவர்கள் சிரித்தார்கள். கூட்டம் சொல்வதையே தனிமனிதரும் சொல்லிவிடுவார் என்று உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் கோடுகளின் நீளத்தைக் கேட்டுக் காட்டியதை இவர்கள் ஒரு நொடியில் காட்டிவிட்டார்கள்.

ஐந்தாண்டுப் பதவி கிடைத்தது. முதல் நாள் மேசையில் பச்சை மைப் பேனாவும் உதவித்தொகைப் படிவக் கட்டும் காத்திருந்தன. பிற்பகலில் கண் கலங்கியபடி ஒரு மாணவி வந்து நின்றாள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வீட்டு நிலவரம் விசாரித்தேன். கண்காணிப்பாளர் இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“கண்ணில் தூசி விழுந்துவிட்டது, மேடம். பஸ் பாஸுக்குக் கையெழுத்து வேண்டும். மூன்றே முக்கால் வண்டியை விட்டால் எங்கள் ஊருக்கு அடுத்தது ஆறு மணிக்குத்தான்.”