மாசாணியம்மனுக்கு மொளகா, ஆழியார்ல வாழ்த்து

போன ஞாயித்துக்கெழமை அம்மாவ கூட்டிட்டு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனேன்ங்க. வரப்புத் தகராறுல பங்காளி ஒருத்தர் ரெண்டு வருசமா இழுத்தடிக்கறாரு, அநியாயம் பண்ணுனவங்கள ஆத்தா கேக்கோணும்னு அங்க மொளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசுவாங்க, அத பண்ணியே தீருவேன்னு அம்மா ஒத்தக்கால்ல நின்னுட்டாங்க. ஆத்தா அவ்ளோ நீளத்துக்குப் படுத்திருக்கறத பாத்தாலே மேலு சிலுக்கும். அம்மா மொளகாய அரைச்சு நீதிக்கல்லுல நல்லா அப்பிட்டு, அந்தக் கையோடயே கண்ணக் கசக்கிட்டாங்க, அப்பறம் பாருங்க, அரை மணி நேரம் கொழாயடிதான்.

கூட வந்த சித்தி, வேதாத்திரி மகரிஷியோட யோகா, தியானம் சொல்லித்தர்ற மனவளக்கலை மன்றத்துல அருள்நிதி, அதாவது கத்துக்குடுக்கறவங்க. பக்கத்துலதான ஆழியாரு, அறிவுத் திருக்கோயில் போலாம்னாங்க, அவங்களோட தியான எடம், 1984ல வந்தது. கார்லயே கதைய ஆரம்பிச்சுட்டாங்க, வேதாத்திரி மகரிஷி 1911ல கூடுவாஞ்சேரில நெசவுக் குடும்பத்துல பொறந்தவரு, 1958ல உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பிச்சாரு, 1972ல அமெரிக்கா போனாரு, அப்பறம் ஜப்பான், கொரியா, மலேசியா, சிங்கப்பூருன்னு. அம்மாவுக்கு அமெரிக்காவெல்லாம் காதுலயே ஏறல, "நெசவுக்காரரா? நம்மாளு மாதிரிதான்"னு அப்பாவோட தறிய நெனச்சுட்டாங்க.

எனக்குத் தோணறது, வெளிநாடு போனது பெரிய விசயந்தான், ஆனா எங்கூர்ல மனவளக்கலை பரவுனது அரிசி மில்லு மாடில. முட்டி வலிக்கு எக்சர்சைஸ்னு போனவங்க ஆக்கினை, துரியம்னு படிப்படியா தவம், அதாவது தியானம் கத்துக்கிட்டாங்க, கொஞ்ச நாள்ல அவங்களே அருள்நிதி ஆயிட்டாங்க. வீட்ட விடவும் வேண்டாம், கும்புடற சாமிய மாத்தவும் வேண்டாம், போன எடுத்தா ஹலோவுக்குப் பதிலா வாழ்க வளமுடன், அவ்ளோதான்.

உள்ள போனதும் அம்மா சுத்திப் பாத்துட்டு "சாமி எங்கடா கண்ணு?"ன்னாங்க. சிலையே இல்ல. சித்தி "அறிவுதான் தெய்வம்க்கா, கண்ண மூடு"ன்னு உக்கார வெச்சாங்க. எனக்கு அஞ்சு நிமிசத்துல கால் மரத்துப்போச்சு, அம்மா அசையவே இல்ல. கடைசில சித்தி மெதுவா, புருசன், புள்ளைங்க, சொந்தக்காரங்க, அப்பறம் நமக்கு ஆகாதவங்க, அவங்களையும் வாழ்த்தோணும்னாங்க. அம்மா ஒத்தக்கண்ண மட்டும் தொறந்தாங்க, அது இன்னும் செவசெவன்னு இருந்துச்சு.

"அவனையுமா?"

"அவரையுந்தான்க்கா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் ஒதடு அசைஞ்சுது, என்ன சொன்னாங்கன்னு கேக்கல. பொள்ளாச்சி தாண்டறப்ப அவங்களா சொன்னாங்க, "வாழ்க வளமுடன்னு சொல்லிட்டேன்டா, ஆனா அரைச்சது அரைச்சதுதான்."

கைய மோந்து பாத்துட்டு தண்ணி பாட்டில் கேட்டாங்க.