மேற்கு அறைச் சுவர்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்ட கையோடு மேற்கு அறை பீரோவை நகர்த்தினோம். நகர்த்தாமலே இருந்திருக்கலாம் என்று இவர் இப்போது சொல்கிறார். பின்னால் சுவர் முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கிறது. விரல் பட்டால் பெயின்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி விழுகிறது. பீரோவின் முதுகில் துரு. அடித்தட்டில் இருந்த என் கல்யாணப் பட்டு தப்பித்தது, அதைச் சுற்றியிருந்த வேட்டி தப்பவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் இதே சுவருக்கு, "இதுக்கு மேல ஓதம் வந்தா என்னைக் கேளுங்க" என்று கடைக்காரர் கொடுத்த பெயின்ட்டை இரண்டு டின் அடித்தோம். அதற்கு முன் ஒரு தடவை பட்டி பார்த்து அடித்தோம். இந்த முறை ஆள் வேண்டாம், நாமே கொத்திவிட்டுப் பூசுவோம் என்றார் இவர். சரி என்றேன். தையல் டேப்பை எடுத்து அளந்தேன்: ஈரம் 34 அங்குலம் ஏறியிருக்கிறது. கதவு நிலையில் தையல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

எதிர்வீட்டுக் கொத்தனார் தாத்தாவைக் கூப்பிட்டோம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போவதில்லை. சுவரில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்திருந்தார். அப்புறம் அறையைப் பார்க்காமல் நேரே கொல்லைக்குப் போய்விட்டார்.

"தளம் எப்ப போட்டீங்க?"

2011இல் என்றார் இவர். சேறாக இருக்கிறதென்று நாங்கள்தான் ஆசைப்பட்டுப் போட்டது. அப்போதே உள் சுவருக்கும் சிமென்ட் பூசினோம்.

குமிழி பார்த்து மட்டம் சொல்லும் ரசமட்டம் அவ்வளவு தூரத்துக்கு உதவாது. தண்ணீர் நிரப்பிய டியூபை ஜன்னல் வழியே விட்டு மட்டம் பார்க்கச் சொன்னார். கொல்லைத் தளம் அறைத் தரையைவிட நான்கு அங்குலம் உயரம்! வாட்டமும் வீட்டுப் பக்கமே. துவைக்கிற கல்லின் தண்ணீர் பதின்மூன்று வருஷமாகச் சுவர் ஓரத்தில்தான் இறங்கியிருக்கிறது.

மாமனாரின் அப்பா செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவர் இது. இப்போது கட்டும் வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் தடுக்க ஒரு அடுக்கு போடுவார்கள், இதில் அது கிடையாது. செங்கல் தண்ணீரை உறிஞ்சும், காரை வழியாக அது காற்றில் போய்விடும், அதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. நாங்கள் மேலே சிமென்ட் பூசி வழியை அடைத்துவிட்டோம். வெளியே வர இடமில்லாத ஈரம் மேலே மேலே ஏறுகிறது. "வேர்க்கிற உடம்புக்கு ரப்பர் சட்டை மாட்டுனா என்ன ஆகும்மா?" என்றார் தாத்தா. பெயின்ட் கடைக்காரரை இத்தனை நாள் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

தேர்தல். ஏழு மணிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து உளியும் சுத்தியும் எடுத்தோம். மேலே சிமென்ட் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே தட்டத் தட்ட வறட்டி மாதிரி பாளம் பாளமாக வந்தது. பின்னாலிருந்து பாழுங்கிணற்று வாசனை.

சிமென்ட்டுக்கு அடியில் அங்கங்கே பழைய வெள்ளையடிப்பு. ஓரிடத்தில் அழகான வான் நீலம். உற்சாகமாகி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஏதாவது கதை இருக்கும் என்று. "அதுவா? உன் மாமா நீலத்தைக் கூடப் போட்டுட்டார்" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கிளிஞ்சல் சுண்ணாம்பு நான்கு மூட்டை வந்தது. டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றினோம். உலை மாதிரி கொதித்து ஆவி அடித்தது. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று தாத்தா மிரட்டியிருந்ததால் இவர் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிண்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

நாட்டு மருந்துக் கடையில் இரண்டு கிலோ கடுக்காய் வாங்கி இடித்து, வெல்லத்தோடு பானையில் ஊறப் போட்டாயிற்று. சுவருக்கு எதற்கு இவ்வளவு வெல்லம் என்று அத்தை டின்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு வாரம் இரண்டும் அப்படியே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சண்டை. கொல்லைத் தளத்தைச் சுவர் நெடுக ஒரு அடி அகலத்துக்கு உடைக்க வேண்டும். செலவழித்துப் போட்ட தளம், ஒரு தண்ணீர்க்குழாயைத் திருப்பிவிட்டால் போதாதா என்கிறார் இவர். "அப்ப வருஷா வருஷம் பெயின்ட் வாங்குவோம், அந்தக் கடைக்காரருக்கும் குடும்பம் இருக்குல்ல" என்றேன். மத்தியானம் வரை பேச்சில்லை. மூன்று மணிக்குக் கடப்பாறைச் சத்தம் கேட்டது. நானும் போய் மண் அள்ளினேன். தரை மட்டத்துக்குக் கீழே வரை தோண்டி ஜல்லி நிரப்பினோம். துவைக்கிற கல் தென்னை மரத்தடிக்குப் போயிற்று. இவர் கையில் நான்கு கொப்புளம், என் கையில் இரண்டு.

கோடு: 31 அங்குலம்.

மே 5, ஞாயிறு

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். சுவர் மறுபடியும் உப்பைக் கக்கியிருந்தது. ஈரத்துணி போடக் கூடாதாம், கரைந்து உள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து முறத்தில் பிடித்தோம். 26 அங்குலம்.

மே 12, ஞாயிறு

பூச்சு. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், குழைக்கக் கடுக்காய்த் தண்ணீர். முதல் கரணையை அப்பியதும் ஒரு பெருமிதம். திரும்புவதற்குள் மொத்தமும் தொப்பென்று காலில் விழுந்தது. நாற்காலியில் இருந்த தாத்தா சிரிக்கவில்லை, கேட்டார்: "சுவத்துக்குத் தண்ணி காட்டுனியா?"

காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அப்புறம் எப்படிப் பிடிக்கும்? தண்ணீர் தெளித்து, செங்கல் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அப்பக் கூடாது, மணிக்கட்டைச் சொடுக்கி வீசி அடிக்க வேண்டும். கலவை சுவரில் மோதும்போது ஒரு சத்தம் வரும், பிடித்ததா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். இவருக்கு அந்தச் சொடுக்கு கடைசி வரை வரவில்லை. பத்து மணிக்கு மேல் நான் கொத்தனார், இவர் சித்தாள். மட்டப்பலகை பிடித்து இழுத்து, பூச்சை வழவழப்பாக்கும் மணியாசுக்கட்டையால் தேய்த்தபோது, ரவிக்கைக்கு உள் துணி வைத்துச் சுருக்கமில்லாமல் தைத்து முடிக்கிற மாதிரி இருந்தது. ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது. இருக்கட்டும்.

மே 18, சனி

கோடை மழை. வெயிலில் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க ஒரு வாரமாக ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காவல் காத்தோம். சுண்ணாம்பு காற்றை வாங்கித்தான் மெதுவாக இறுகும். இன்று சாக்குக்கு லீவு. இரவு பதினொரு மணிக்குக் குடையும் டார்ச்சுமாகக் கொல்லைக்குப் போனோம். ஜல்லியில் விழுந்த தண்ணீர் தேங்கவில்லை. இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். உடைத்தது சரிதான் என்று வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

எமல்ஷன் அடிக்கலாம், இளம்பச்சை, என்றார் இவர். மறுபடியும் ரப்பர் சட்டையா? சுண்ணாம்பையே வடிகட்டி மெல்லிசாக மூன்று கை அடித்தோம். நீலம் கலக்கும் பொறுப்பை அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். அறை வான் நீலமாகிவிட்டது.

ஜூன் 4, செவ்வாய்

கூடத்தில் டிவியில் ஓட்டு எண்ணிக்கை ஓடுகிறது. விரல் மை நகத்தின் பாதிக்கு ஏறிவிட்டது. தரையிலிருந்து 9 அங்குலத்துக்கு இன்னும் ஒரு சாம்பல் நிழல் இருக்கிறது. ஐப்பசி மழை தாண்டட்டும், அப்புறம் சொல்கிறேன் என்கிறார் தாத்தா.

பீரோ உள்ளே வந்துவிட்டது. சுவருக்கும் அதற்கும் அரை அடி காற்றுக்காக விட்டிருக்கிறோம். காபி போட்டுவிட்டு வந்து பார்த்தால் அந்த இடைவெளியில் அத்தையின் முறம், இரண்டு துடைப்பம், மடக்கு நாற்காலி. எடுத்து வெளியே வைத்தேன். சாயங்காலம் மறுபடியும் அங்கேயே இருக்கிறது, கூடவே ஒரு பாயும்.