நோட்டு வேண்டாம்ணா

"நெட் லைன் கட்டானா?"

"தானா சிம்முக்கு மாறிக்கும்ணா."

"அப்ப எடை எழுதுற நோட்டு வேண்டாமா தம்பி?"

"வேண்டாம்ணா."

எடைமேடை அண்ணனிடம் நான் சொன்னது பொய்யில்லை. லைன் தானாகத்தான் மாறியது. போன ஜூன் கடைசி, கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நாள். ரோட்டில் ஜேசிபி நெட் வரும் ஃபைபரை அறுத்தது, சில நொடிகளில் ரூட்டர் சிம்முக்குப் போய்விட்டது. ஆனால் சந்தூர் டிராக்டர் ஒன்றின் மொத்த எடையை அனுப்பிக்கொண்டிருந்த இணைப்பு பாதியில் செத்தது. மறுபடி கூப்பிட்டால் சர்வர் உள்ளே விடவில்லை. அதை நாங்கள் கவனிப்பதற்குள் மாங்காயைக் கொட்டிவிட்டார்கள். மொத்த எடை இல்லாமல் இனி காலி வண்டியை எத்தனை முறை ஏற்றினால் என்ன? "மூவாயிரத்து எண்ணூறு சொச்சம்னு ஞாபகம்" என்றார் அண்ணன். ஞாபகத்துக்கு ஆபீசில் மதிப்பில்லை. முந்தின நாள் லோடைப் பார்த்து ஓர் எடை போட்டார்கள். விவசாயி சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எங்கள் எடைமேடையை சர்வர் அடையாளம் கண்டது ஐபி முகவரியை, அதாவது வலையில் அதற்கான எண்ணை வைத்து. அப்படி அமைத்தவன் நான். சிம்மில் முகவரி வேறு, அதனால் சர்வருக்கு அது யாரோ. பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் பெயர் வைத்திருந்தாலும் அந்த இணைப்பு பிழைத்திருக்காது. டேட்டாவைக் கொண்டுபோகும் டிசிபி முறையில் இணைப்பு என்பதே இரு முனைகளின் முகவரியும் போர்ட் எண்ணும் சேர்ந்த நான்கு எண்கள்தான், ஒன்று மாறினாலும் போச்சு. இது டிசிபியின் பிறவிக் கோளாறு என்று மேனேஜரிடம் வாதாடினேன். ஆனால் கணினி வேறு, அது வலையில் ஒட்டியிருக்கும் இடம் வேறு என்று கணினி விஞ்ஞானி ஜெரோம் சால்ட்சர் 1982-லேயே எழுதிவிட்டார். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4423 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், அடையாளத்தை முகவரியிலிருந்து பிரித்துப் பொதுச்சாவி என்ற குறியாக்க எண்ணிடம் கொடுத்தது. இதையெல்லாம் படித்தவன்தான் நான். சீசனுக்கு இரண்டே நாள் இருந்தது, அதுவும் உண்மை.

யோசித்தால், முகவரியைப் பெயராக வைத்தது ஒரு தப்பு, நோட்டை வேண்டாம் என்றது இன்னொன்று. எனக்கு வாதம் இருப்பது முதலாவதற்கு மட்டும்.

இந்த வருஷம் வயர்கார்டு என்ற விபிஎன் போட்டேன். எதிர்முனை யார் என்பதைச் சாவி சொல்லும். வெளி முகவரி மாறினால் புது இடத்தை அதுவே குறித்துக்கொள்ளும். விபிஎன்னுக்குள்ளே ஓடும் ஐபி மாறாததால் இணைப்பும் அறுவதில்லை. வண்டி மேடையில் நிற்கும்போதே அண்ணன் முன்னால் ஒயரைப் பிடுங்கிக் காட்டினேன். எடை போய்ச் சேர்ந்தது.

"அந்தச் சாவி எங்க இருக்கு?"

"இந்தப் பெட்டிக்குள்ளதாண்ணா."

"பெட்டி எரிஞ்சா?"

"வேற பெட்டி, வேற சாவி. நான் வந்து மாத்தணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு, இழுப்பறையிலிருந்து நீள நோட்டை எடுத்துத் தேதி போட்டார்.